கோபுரத்தின் மேல் என் பூதம்

ஒரு வருடம் முழுக்க ஃபேரர் பார்க் வட்டாரத்தில் என்னைப் பெரிய பக்திமான் என்று நம்பினார்கள். வெள்ளி தவறாமல் கோயில், செவ்வாய் தவறாமல் கோயில், சில வாரங்களில் புதனும் வியாழனும்கூட. சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றி வருவேன். பத்தடிக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்ப்பேன், உதடு ஏதோ முணுமுணுக்கும், திரும்ப வைத்துக்கொள்வேன். போனில் சாமி பாட்டை வைத்துக்கொண்டு மனசுக்குள் படிக்கிறார் என்று யாரோ கிளப்பிவிட, வாசலில் பூ விற்பவர் வரை அந்தப் பேச்சு பரவிவிட்டது. நான் மறுக்கவில்லை. ஐம்பத்து நான்கு வயதில், கல்யாணம் ஆன பெண்ணுக்கு அப்பனான ஒருவன், நான் இங்கே பூதம் பிடிக்க வருகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

எனக்கு வேலை ஜூரோங்கில், ஒரு கப்பல் பட்டறையில். சேஃப்டி சூப்பர்வைசர். காலையில் வேலை தொடங்குமுன் ஆட்களை வரிசையாக நிற்கவைத்து டூல்பாக்ஸ் மீட்டிங் நடத்துவேன். ஹெல்மெட் எங்கே, பெல்ட் எங்கே, ஏணியில் ஏறும்போது என்னென்ன செய்யக்கூடாது என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அரைகுறை இந்தியிலும் கத்துவேன். கடைசியாக, குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொல்வது ஒன்று உண்டு: போனைப் பார்த்துக்கொண்டே நடக்காதே. பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் ஆட்களில் யாராவது இதைப் படித்தால், தம்பிகளா, இந்த வரியோடு நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள்.

சர்க்கரையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. பாலிகிளினிக்கில் அந்த இளம் டாக்டரம்மா கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டி, இப்படியே போனால் அடுத்த முறை ஊசிதான் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு முகம் செத்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் சாப்பிட்டு முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். வாங்களேன், சும்மா ஃபேரர் பார்க் திடலை ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம் என்பாள். ஜூரோங்கில் நாள் முழுக்க நடந்துவிட்டுத்தானே வருகிறேன் என்று சோபாவில் காலை நீட்டிக்கொள்வேன். பட்டறையில் நான் நடக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போக பேட்டரி வண்டி வைத்திருந்தார்கள். அதில்தான் ராஜா மாதிரி போய்வருவேன்.

அவள் புக்கிட் மேராவில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. இருபது வருடம் பிள்ளைகளோடு பிள்ளையாக அந்தக் குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்து வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் என்னை நடக்கக் கூப்பிட்டாள். மகள் கல்யாணமாகிப் பொங்கோலுக்குப் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் கொஞ்ச நேரம் வாசலில் நிற்பாள், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். இது பல மாதங்கள் நடந்தது. எனக்கு அதில் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை.

பூதம் வந்தது பட்டறையிலிருந்து. ஒருநாள் கேன்டீன் பக்கம் ஓர் ஆள் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எதிரே வந்த ஃபோர்க்லிஃப்டைக்கூடப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தான். கத்தி நிறுத்திப் போனைப் பிடுங்கினேன். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள் என்று சொல்லப்போனவன், திரையைப் பார்த்துவிட்டேன். அதில் எங்கள் கேன்டீன் அப்படியே தெரிந்தது, அதே வாசல், அதே குப்பைத்தொட்டி. அந்தக் குப்பைத்தொட்டியின் மேல் தொப்பையும் தொங்கின காதுமாக ஒரு நீலநிறப் பிராணி உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது. போனை இறக்கிப் பார்த்தேன், குப்பைத்தொட்டி மட்டும்தான் இருந்தது. ஏற்றிப் பார்த்தேன், அது மறுபடியும் சிமிட்டியது. அவனுக்கு இருபது நிமிடம் பாதுகாப்பு விரிவுரை நடத்தினேன். நடத்தி முடித்து, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

விளையாட்டின் பெயர் வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் நிம்மதியாக இருக்கட்டும். போனில் ஊரின் வரைபடம் இருக்கும், நாம் நடந்தால் அதில் ஒரு பொம்மையும் நடக்கும். வழியில் அங்கங்கே பிராணிகள் முளைக்கும், பிடிக்க வேண்டும். அவற்றை நான் பூதம் என்று சொல்லிப் பழகிவிட்டேன். முட்டைகள் கிடைக்கும், கிலோமீட்டர் கணக்கில் நடந்தால்தான் பொரிக்கும். வண்டியில் போனால் அந்தத் தூரத்தைக் கணக்கில் எடுக்காது, பேட்டரி வண்டியிலேயே சோதித்துப் பார்த்துவிட்டேன். அப்புறம் கோட்டைகள். ஊரில் உள்ள பெரிய இடங்கள்தான் கோட்டை. ஒரு கோட்டையைப் பிடித்து நம் பூதத்தை அதன்மேல் நிறுத்தலாம், எதிர்க்கட்சி வந்து அடித்து விரட்டும்வரை அது நம்முடையது. எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து எட்டு நிமிட நடையில் இருந்த கோட்டை, சிராங்கூன் சாலைப் பக்கத்து அம்மன் கோயில்.

ஆகவே நான் கோயிலுக்குப் போகத் தொடங்கினேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தவிர அந்தப் படியை மிதிக்காதவன், வேலை விட்டு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய கையோடு குளித்து வேட்டி கட்டி நெற்றியில் திருநீறு இட்டுக் கிளம்பினேன். வேட்டியும் திருநீறும் பக்தியில் அல்ல. முதல் நாள் அரைக்கால் சட்டையோடு வாசலில் போனைப் பிடித்து நின்றவனைத் தொண்டர் ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார், அந்தப் பயத்தில் போட்ட வேஷம் அது. வேஷம் நன்றாகப் பொருந்திவிட்டது. ஒரே மாதத்தில் அதே தொண்டர் என்னைத் தேடிவந்து, அன்னதானத்தில் பரிமாற ஆள் குறைவாக இருக்கிறது, உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும் என்றார். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் நின்றால் கோட்டை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்குமே என்று கணக்குப் போட்டு, அம்மன் சித்தம் என்று ஒப்புக்கொண்டேன்.

என் மனைவி பூரித்துப்போவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முதல் வெள்ளிக்கிழமை நான் வேட்டி கட்டுவதைக் கதவோரம் நின்று பார்த்தாள், பிறகு உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். இவள் பக்கத்தில் இருந்தால் எப்படிப் போனை எடுப்பது? உனக்கு எதற்கம்மா சிரமம், போக எட்டு நிமிடம் வர எட்டு நிமிடம், முழங்கால் என்னத்துக்காகும், நீ வீட்டில் இரு, உனக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிச் செருப்பை மாட்டினேன். அவள் சரி என்றாள். அடுத்த வாரமும் கேட்டாள், அதே பதிலைச் சொன்னேன். மூன்றாவது வாரத்திலிருந்து கேட்கவில்லை. பெண்டாட்டி காலுக்கு நோகாமல் பார்த்துக்கொள்கிறாரே மனுஷன் என்று எதிர்வீட்டு அம்மா புகழ்ந்தபோது, அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அதை இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

கோட்டைக்கு ஒரு எதிரி இருந்தாள். தினமும் ஏழு மணிக்கு என் பூதம் அடிபட்டு வீடு திரும்பிவிடும். யாரடா அது என்று காத்திருந்து பார்த்தால், அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு சீன ஆன்ட்டி. சந்தைக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டிப் பையின் கைப்பிடியில் மூன்று போன்களைக் கட்டி வைத்திருந்தாள். இரண்டு கட்டைவிரலால் மூன்றையும் அடிப்பாள், என் பூதம் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அவளுடைய கணவர் எப்போதும் கூடவே வருவார். விளையாடமாட்டார். கோயிலுக்கு எதிரே பெஞ்சில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் முடித்ததும் தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, இருவரும் பேசியபடியே போவார்கள். பாவம் அந்த மனுஷன், இந்தப் பொம்பிளை பின்னால் தினமும் அலைகிறாரே என்று அவருக்காக இரக்கப்பட்டேன்.

இதற்குள் எனக்கு நன்றாகவே முற்றிவிட்டிருந்தது. மழை பெய்தால் குடையோடு போனேன். காய்ச்சல் வந்தபோது பனடால் போட்டுக்கொண்டு போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவி சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் வீட்டுக் கூடத்திலேயே அபூர்வமான ஒரு பூதம் முளைத்துவிட்டது. கேமராவைத் திறந்தேன். சோபாவில் அவளுக்குப் பக்கத்தில், என் இடத்தில், சிவப்பு வாலும் முட்டைக் கண்ணுமாக ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பிடிக்குமுன் ஒரு படம் எடுத்தேன். அவள் தலையைத் திருப்பி, என்ன படமா எடுக்கறீங்க என்று கேட்டுத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். ஆமாம் ஆமாம் என்றேன். பிறகு அந்தப் படத்தில் பூதம் மட்டும் நன்றாகத் தெரியும்படி ஓரத்தை வெட்டி வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை பாலிகிளினிக் போனபோது டாக்டரம்மா திரையை இரண்டு தடவை பார்த்தார். சர்க்கரை இறங்கியிருந்தது, எடை இறங்கியிருந்தது, ஊசிப் பேச்சே இல்லை. கோயிலில் வெள்ளிக்கிழமை தொன்னையில் வாங்கித் தின்ற சர்க்கரைப் பொங்கலையும் மீறி இறங்கியிருந்தது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். தினமும் கோயிலுக்கு நடக்கிறார் என்று என் மனைவி முந்திக்கொண்டு சொன்னாள். நான் சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, இட்லிக்குச் சட்னி வைத்தபடியே, இந்தத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கப்போகிறேன் என்றாள். இணையத்தில் பதிவும் செய்துவிட்டாளாம், காலை எட்டு மணிக்கு நேரம் கொடுத்திருக்கிறார்களாம். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கம் அதைக் கேட்கமாட்டோம். நேர்த்திக்கடன் செலுத்தி முடிக்கும்வரை அது சாமிக்கும் வேண்டிக்கொண்டவருக்கும் இடையில் உள்ளது, கட்டின புருஷனாக இருந்தாலும் நோண்டக்கூடாது. கேட்க வேண்டியதும் இல்லை என்று நினைத்தேன். சர்க்கரை இறங்கிய சூட்டில் அறிவிக்கிறாள், இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை, வெறுங்காலோடு, பால் தளும்பும் குடத்தைச் சுமந்துகொண்டு, அந்த முழங்காலோடு நடக்கப்போகிறாள். அதுவும் எதற்காக? நான் தொப்பைப் பூதம் வளர்த்ததற்காக.

நீண்ட நடை கூடாது, படி ஏறுவதைக் குறைக்க வேண்டும் என்று அவளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நான் உண்மையைச் சொன்னால் அவள் நடக்க வேண்டியதில்லை. சொல்லாவிட்டால் என் பொய்யின்மேல் அவள் முழங்கால் உடையும். இவ்வளவு எளிய விஷயம். ஆனால் வாயைத் திறந்தால் வரவில்லை. அவள் விரதம் தொடங்கினாள், மீனும் கறியும் வீட்டுக்குள் வரவில்லை, பாயை விரித்துத் தரையில் படுத்தாள். காலையில் எழுந்திருக்கும்போது அந்த முழங்கால் சடக்கென்று ஒரு சத்தம் போடும். நான் மெத்தையில் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் படுத்திருப்பேன்.

சொல்லிவிடுவது என்று ஒருநாள் முடிவோடு அவளுடன் லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். குடம் வாங்கப் பாத்திரக் கடையில் நின்றிருந்தோம். அவள் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏம்மா, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அப்போது பார்த்து, கடை வாசலில் தள்ளுவண்டிப் பையும் மூன்று போனுமாக அந்த ஆன்ட்டி.

"அங்கிள், யுவர் மான்ஸ்டர் டை ஆல்ரெடி லா," என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். பின்னால் வந்த கணவர் எங்கள் இருவருக்கும் மரியாதையாகத் தலையசைத்தார்.

யார் அது என்று மனைவி கேட்டாள். பட்டறையில் தெரிந்தவர்கள், ஒரு மெஷின் பழுதாகிவிட்டதைச் சொல்கிறார்கள் என்றேன். அந்த நேரத்தில் எப்படித்தான் அது வாயில் வந்ததோ. அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எல்லாவற்றிலும் சின்னக் குடமாக ஒன்றை எடுத்து, இது போதும் என்று கடைக்காரரிடம் கொடுத்தாள். நான் சொல்ல வந்ததை அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தைப்பூசத்தன்று அவள் மஞ்சள் புடவையில் குடத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பால்குடம் எடுப்பவரோடு வீட்டு ஆள் ஒருவர் கூட நடப்பது வழக்கம். தண்ணீர், துண்டு, செருப்புப் பை எல்லாம் அவர்தான் சுமக்க வேண்டும். நான் சுமந்தேன். குற்ற உணர்ச்சி தாங்காமல் நானும் செருப்பைக் கழற்றிவிட்டேன். இத்தனை வருடம் சேஃப்டி பூட்ஸுக்குள் பத்திரமாக இருந்த பாதம், பூப்போல இருந்தது. நூறு அடி போவதற்குள் ஒவ்வொரு கல்லும் என் பெயரைக் கேட்டது. வெயில் ஏற ஏறத் தார் சுட்டது. எல்லோரும் சாலையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின்மேல் கால் வைத்து நடந்தார்கள், அதில் சூடு குறைவு. அவள் கோட்டின்மேல் நடந்தாள், நான் பக்கத்தில் தாரில் துள்ளித் துள்ளி நடந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்று காலை கிளம்புமுன் போனில் ஒரு பெரிய முட்டையை அடைவைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கடைசி மூன்று கிலோமீட்டர்தான் பாக்கி. எப்படியும் நடக்கத்தானே போகிறோம், தூரம் வீணாகப் போவானேன் என்று நினைத்தேன். பெண்டாட்டி எனக்காக நேர்த்திக்கடன் செலுத்துகிறாள், நான் அதிலேயே முட்டை பொரிக்கப் பார்க்கிறேன். இப்படிப்பட்ட ஆளை எங்கள் பட்டறையில்கூடப் பார்த்ததில்லை.

சிலிகி சாலை தாண்டும்போது அவள் நடை கோணத் தொடங்கியது. வலது காலை ஊன்றும்போதெல்லாம் உதட்டைக் கடித்தாள். ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். பந்தலில் இருந்த பெண்பிள்ளை ஒரு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து போட்டது. குடத்தைத் தரையில் வைக்கக்கூடாது என்பதால் மடியில் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முழங்கால் புடவைக்கு மேலாகவே வீங்கித் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

குடத்தை என்னிடம் கொடு, மீதி தூரம் நான் தூக்குகிறேன் என்றேன். நீங்கள் விரதம் இருந்தீர்களா என்று கேட்டாள். முந்தின வாரம் ஜூரோங் கேன்டீனில் சாப்பிட்ட மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸை ஒப்புக்கொண்டேன். பிறகு, ஒன்று ஆரம்பித்தால் எல்லாம் வந்துவிடுமே, அங்கேயே முட்டி போட்டு அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"இதுக்கு மேல நடக்க வேணாம்மா. இந்த நேர்த்திக்கடன் செல்லாது. நான் கோயிலுக்கு சாமி கும்பிட போகல. போன்ல ஒரு வெளாட்டு, பூதம் புடிக்கிறது. அதுக்காகத்தான் நடந்தேன். சர்க்கரை எறங்கினது அதுலதான்."

அவள் பந்தல் பெண் கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சர்க்கரை எறங்கினதுக்கு எடுக்கறேன்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்றாள். "வெளாட்டு எனக்குத் தெரியும். சட்டைப் பையில டிங் டிங்னு அடிக்குமே, அத கோயில் மணின்னா நெனச்சுக்கிட்டு இருந்தேன்? சோபாவுல எடுத்தீங்களே ஒரு படம், அதையும் பாத்தேன். அந்தப் பூதம் முழுசா இருக்கு. நான் பாதித் தோளுதான் இருக்கேன்."

அப்புறம் எதுக்கு இந்தக் குடம் என்று மட்டும் கேட்டேன். கேட்கக்கூடாத கேள்வி, ஆனாலும் கேட்டுவிட்டேன்.

அவள் குடத்தின் வாயில் கட்டியிருந்த மஞ்சள் துணியைச் சரிசெய்தாள். கோபமாகச் சொல்லவில்லை. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"எத்தன மாசம் வாசல்ல நின்னு கூப்புட்டேன், திடல் வரைக்கும் வாங்கன்னு. வரல. அப்புறம் நீங்களா நடக்க ஆரம்பிச்சப்ப, நீயும் வான்னு ஒரு வார்த்த கேப்பீங்கன்னு பாத்தேன். கேக்கல. கால் வலிக்கும், வீட்ல இருன்னீங்க. பால்குடம் எடுத்தா வீட்டு ஆளு பக்கத்துல நடந்து வந்துதானே ஆகணும். அதான், முருகன வச்சுக் கூப்புட்டேன்."

சாலை முழுக்க வேல் வேல் என்று சத்தம், மேளம், வெயில். நான் முட்டி போட்ட இடத்திலேயே இருந்தேன். வெட்கம் என்ற சொல்லை அதுவரை நான் சும்மா பயன்படுத்திக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. சாமியை ஏமாற்றினேன் என்று ஒரு மாதம் பயந்து நடுங்கியவனுக்கு, இவளைத் தனியாக விட்டுவிட்டோம் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லையே. வெயிலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்த அந்தச் சீனக் கிழவரை நினைத்தேன். அவருக்காகப் போய் இரக்கப்பட்டேனே நான்.

மன்னிச்சுக்கோம்மா என்றேன். எழுந்திருங்க, எல்லாரும் பாக்கறாங்க என்றாள். திரும்பிவிடலாமா என்று கேட்டதற்கு, இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்ன பேச்சு இது என்று குடத்தைத் தலைக்கு ஏற்றினாள். அதன்பிறகு என் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நடந்தாள். பத்தடிக்கு ஒரு நிறுத்தம். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். பாலர் பள்ளியில் ஒரு பிள்ளை மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்ட கதையைச் சொன்னாள். அது நடந்து ஆறு மாதம் ஆகிறதாம், நான் அப்போதுதான் கேட்கிறேன். வீட்டில் அவள் பேசும்போதெல்லாம் எனக்கு எங்கே காது இருந்தது?

டேங்க் ரோட்டில் பாலைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, மதிலோரம் நிழலில் வெறும் குடத்தோடு உட்கார்ந்தாள். முகமெல்லாம் வேர்வை, குங்குமம் மூக்குவரை வழிந்திருந்தது. காலை நீட்டிக்கொண்டு, அப்பாடா என்றாள். இரு, ஒரு படம் எடுக்கிறேன் என்று போனை எடுத்தேன். திறந்தால் திரை முழுக்க முட்டை. ஆடி ஆடி விரிசல் விடத் தயாராக நிற்கிறது, ஒரு தட்டுத் தட்டினால் போதும். ஒரு வருடமாக நான் காத்திருந்த பூதம் அதற்குள் இருக்கலாம். அவள் எட்டிப் பார்த்தாள்.

"பொரிச்சுப் பாத்துக்குங்க, நான் இங்கதான் இருக்கேன்," என்றாள்.

வேண்டாம் என்று மூடினேன். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை, எப்போது திறந்தாலும் அது அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும், யாரும் தூக்கிக்கொண்டு போய்விடமாட்டார்கள். கேமராவைத் திறந்தேன். அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். தலை முதல் வீங்கின முழங்கால், தூசி படிந்த பாதம், பக்கத்தில் குடம் வரை எல்லாம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பின்னால் போய், யாரோ ஒருவரின் காலை மிதித்துத் திட்டு வாங்கிக்கொண்டு எடுத்தேன்.

கொடுங்க பார்ப்போம் என்று வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். படத்தில் அவள் முழுசாக இருந்தாள். ஓரத்தில் என் கட்டைவிரல்தான் பாதி விழுந்திருந்தது. அதை வெட்ட வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.